ரங்கூன் தமிழ் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கு: புதுச் செயலிக்கு முன் பழைய கடன்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் ஐயாமார்களுக்கு வணக்கம்.

உறுப்பினர்களுக்குக் கைப்பேசிச் செயலி செய்ய வேண்டும் என்ற பேச்சு நம் கோயில்களிலும் சங்கங்களிலும் அடிபடுகிறது. நல்லதுதான். அதற்கு முன் பழைய கணினியிலுள்ள உபயதாரர் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். தமிழ்ப் பெயர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். பர்மிய முகவரிகள் ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் இருக்கும். அமைத்துக் கொடுத்த தம்பி மலேசியாவில் இருப்பார்.

இதைத்தான் எங்கள் மென்பொருள் தொழிலில் தொழில்நுட்பக் கடன் என்கிறோம். முதலீட்டுக் கணக்கு மென்பொருள் எழுதிய வார்ட் கன்னிங்ஹாம் 1992-இல் இந்தக் கடன் கணக்கைச் சொன்னார். அவசரத்துக்கு ஒன்றை எழுதி ஓட்டுவதில் தப்பில்லை, சீக்கிரம் திருத்திவிட்டால். திருத்தாமல் விட்டால் அதன்மேல் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் வட்டி கட்ட வேண்டும். செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஸோஜியை யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பர்மிய எழுத்து கணினியில் ஒழுங்காகத் தெரியாத காலத்தில் அது கைகொடுத்தது. ஆனால் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் ஒதுக்கும் பொது முறையான யூனிகோட் பர்மியத்துக்கு ஒதுக்கிய அதே எண்களை அது வேறு விதமாகப் பயன்படுத்தியது. அதனால் ஒரு பெயர் எந்த முறையில் எழுதப்பட்டது என்று மென்பொருளுக்கே குழப்பம். 2019 அக்டோபர் 1-இல் அரசு யூனிகோடுக்கு மாறும் நாள் குறித்தது. நம் பட்டியல்கள் பல அப்படியே நின்றுவிட்டன. அதற்கான வட்டியை உங்கள் எழுத்தர் கட்டிக்கொண்டிருக்கிறார்: தேடினால் பெயர் கிடைக்காது, ஒரே குடும்பம் இரண்டு இடத்தில் பதிவாகும், தீமிதிக்கு முன் ரசீதுப் பெயர்களை மறுபடி தட்டச்ச வேண்டும்.

புதுச் செயலி வந்தால் எல்லாம் சரியாகும் என்று விற்பவர் சொல்வார். அந்தப் பட்டியல்தானே அதற்குள்ளும் போகும்?

அதற்காக எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. யாரும் தொடாத பழைய வரவுசெலவுக் கோப்புகளுக்கு வட்டி ஏறுவதில்லை. பிரதி எடுத்து வைத்தால் போதும். தினமும் கை படும் உறுப்பினர், உபயப் பட்டியல்களை முதலில் யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். தமிழ்ப் பகுதி சுலபம்; எந்த எழுத்துரு என்று தெரிந்தால் மாற்றும் கருவியை ஓட்டிவிடலாம். பர்மியப் பகுதிக்குக் கருவிகள் உண்டு, ஆனால் அவை ஊகிக்கின்றன, சின்னப் பெயர்களில் தவறும். குடும்பங்களை அறிந்த ஒருவர் உடன் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். மூலக்கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

அப்புறம் பணம். கணினிக்கென ஆண்டுதோறும் ஒதுக்குவதில் ஒரு பங்கைப் பழையதைச் சீர்செய்யவே வைத்து, அதைத் தீர்மானமாகக் குறிப்பேட்டில் எழுதுங்கள். இல்லாவிட்டால் திருவிழா வந்ததும் அந்தப் பணம் பந்தலுக்குப் போய்விடும்.

அடுத்த கூட்டத்தில் செயலியைப் பற்றி முடிவெடுக்கும் முன், எந்தக் கோப்பு, எந்த எழுத்துரு, யாருக்குத் தெரியும் என்ற ஒரு பக்கப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உதவ நான் தயார்.

அன்புடன்,
ரங்கூனில் மென்பொருள் வேலை செய்யும் ஓர் உறுப்பினன்