வீட்டுக்காரர் பெயரைக் கேட்கும் முன் வாரக் கணக்கைக் கேளுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர்களுக்கும் நான்கு மாவட்டச் சுகாதார அலுவலர்களுக்கும்

வணக்கம்.

பெற்றவர்கள் கைவிட்ட, அல்லது பெற்றவர்களிடம் வாய்திறக்க முடியாத வளரிளம் கர்ப்பிணிகளுக்காக எழுதுகிறோம். சட்டம் போதவில்லை என்பது எங்கள் புகார் அல்ல. இருக்கிற சட்டத்தை எந்த வரிசையில் நடத்துகிறோம் என்பதில்தான் கோளாறு.

சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்ணிடம் முதலில் கேட்கப்படுவது, "வீட்டுக்காரர் பேர் என்ன?" அதற்குப் பதில் இல்லாதவள் மறுபடி அந்தப் பக்கம் வரமாட்டாள். கேட்க வேண்டியது, கடைசியாகத் தலைக்குக் குளித்தது, அதாவது மாதவிலக்கு வந்தது, எப்போது என்பதை. இந்த வயதில் மாதவிலக்கு ஒழுங்காக வராது என்பதால் அவள் சொல்லும் தேதியையும் முழுதாக நம்ப முடியாது. அன்றைக்கே, தவறினால் மறுநாளே, ஸ்கேன் எடுத்துக் கர்ப்பம் எத்தனை வாரம் என்பதை உறுதிசெய்ய வேண்டும்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. கருவைக் கலைக்க 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 18 வயது நிரம்பாதவர்களுக்குக் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தப்படி 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு செய்யலாம். அதைத் தாண்டினால், கருவில் பெருங்குறையோ தாயின் உயிருக்கு ஆபத்தோ இருந்தாலொழிய, உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டும். வயிறு வெளியே தெரிந்து வருகிறவளுக்குப் பாதி நாள் ஏற்கெனவே போயிருக்கும். மிச்ச நாளை "எஃப்.ஐ.ஆர். நகல் கொண்டு வா, அம்மாவைக் கூட்டி வா" என்று நாம் தின்றுவிடுகிறோம். கருக்கலைப்புச் சட்டம் எஃப்.ஐ.ஆர். கேட்கவே இல்லை. காப்பாளரின் எழுத்து ஒப்புதலைத்தான் கேட்கிறது. அதிலும் காப்பாளர் என்றால் சிறுமியைப் பராமரிப்பில் வைத்திருப்பவர் என்றே அந்தச் சட்டம் சொல்கிறது, பெற்றோர்தான் என்று சொல்லவில்லை. கலைப்பதா, பெற்றெடுப்பதா என்று அவளை எந்தப் பக்கமும் தள்ளக்கூடாது. வாரக் கணக்கையும் இரண்டு வழிகளையும் தனியறையில் சொல்லிவிட்டு யோசிக்க விடுங்கள்.

18 நிரம்பாதவள் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல் துறைக்குத் தகவல் தந்தே ஆக வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. இந்தப் பயத்தில்தான் சில இடங்களில் அவளைப் பார்க்காமலேயே "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்று கைகழுவுகிறார்கள். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவளது பெயர், அடையாளத்தை மருத்துவர் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தெளிவாக்கியது. இந்தத் தீர்ப்பின் சாரத்தைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சடித்து ஒவ்வொரு மருத்துவ அலுவலர் மேசையிலும் வையுங்கள்.

வழக்கு பதிவானால் காவல் துறை 24 மணி நேரத்துக்குள், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளுக்காக மாவட்டத்தில் இயங்கும் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். குழு ஓர் ஆதரவு நபரை நியமிக்கலாம். காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம் எல்லாவற்றுக்கும் கூடவே வருகிற அந்த ஒருவர் இல்லாவிட்டால் அவள் ஒரே கதையை ஐந்து மேசைகளில் சொல்லி அழ வேண்டியதுதான். சாப்பாடு, துணி, பஸ் செலவுக்கு உடனடி உதவித்தொகை தரும்படி குழு பரிந்துரைக்கலாம். பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள் பணம் தரப்பட வேண்டும் என்கின்றன போக்சோ 2020 விதிகள். கோடியக்கரையிலிருந்து நாகைக்கு வந்துபோக வழியில்லாத பெண்ணுக்கு இதுதான் முதல் மருந்து. தயவுசெய்து இதற்கென்று மாதாந்திரக் கணக்கு கேளுங்கள்.

பெற்றெடுக்க முடிவுசெய்தவளுக்கு இரத்தசோகையும் இரத்த அழுத்தமும்தான் பெரிய எதிரிகள். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் சோகை, 7க்குக் கீழே போனால் உடனே சேர்க்கை. இரும்புச்சத்து மாத்திரை நாளுக்கு ஒன்று, 180 நாள். டீயோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது, கால்சியத்துக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். மாத்திரை அட்டை வீட்டில் அகப்பட்டுவிடும் என்று வாய்க்காலில் எறிகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு வாரத்துக்கு ஏழு மாத்திரை, வெறும் கவரில், துணை சுகாதார நிலையத்தில் வைத்தே கொடுக்கலாம். அழுத்தம் 140/90, விடாத தலைவலி, கண் மங்கல், முக வீக்கம், மேல்வயிற்று வலி, இவற்றில் எது வந்தாலும் 108. பிரசவத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைக்க வேண்டாம். தஞ்சை ராசா மிராசுதார், திருவாரூர் அல்லது நாகை ஒரத்தூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, எது பக்கமோ அங்கே தேதிக்கு முன்பே படுக்கை சொல்லி வையுங்கள்.

எல்லாரும் மறந்துபோகிற ஒருத்தி இருக்கிறாள்: 18 முடிந்து 19 ஆகாதவள். குழந்தைகள் நலக் குழுவுக்கு அவள் குழந்தை இல்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கு அவள் வயது போதவில்லை. பாதிக்கப்பட்ட பெண்களுக்கான சகி உதவி மையத்தில் ஐந்து நாள் தங்கலாம், அப்புறம்? ஆதரவற்ற பெண்கள் தங்கும் சக்தி சதன் இல்லத்துக்கு அங்கிருந்தே மாற்ற ஆட்சியர் அலுவலகம் நேரடி உத்தரவு தர வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசப் பிரசவமும் சாப்பாடும் வாகனமும் வயது பார்க்காமல் உண்டு என்பதை அவளிடம் முதல் நாளே சொல்ல வேண்டும்.

பிறப்பைப் பதிவு செய்ய 21 நாள். தகப்பன் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது; திருமணமாகாத தாயிடம் உறுதிமொழிப் பத்திரம் மட்டும் வாங்கிச் சான்றிதழ் தர வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2015 ஜூலைத் தீர்ப்பு. குழந்தையை ஒப்படைக்க விரும்பினால் குழந்தைகள் நலக் குழு முன்புதான்; மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. பிரசவ வார்டில் வந்து "நல்ல இடத்தில் கொடுத்துவிடலாம்" என்று பேசுகிறவர் யாராக இருந்தாலும் அது குற்றம், காவல் துறைக்குச் சொல்லுங்கள்.

பள்ளியில் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்புவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். பெயர் பதிவேட்டில் இருந்தால் துணைத்தேர்வாவது எழுதுவாள். இரவில் பேச ஆள் தேவைப்படும்போது உதவ, குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181 இரண்டும் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கட்டும்; தலைமையாசிரியர் அறைக்கு வெளியே ஒட்டினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
டெல்டா கிராமங்களில் கர்ப்பிணிப் பதிவும் வளரிளம் பெண்களுக்கான ஆலோசனையும் செய்யும் களப்பணியாளர்கள்