எந்த ஏபிஐ என்பதைக் கணக்குதான் சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூக ஊடகத் தரவை வைத்துச் செயலி தயாரிப்பது பற்றித் தமிழில் வரும் வழிகாட்டிக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கணக்கு திறங்கள், சாவி (தளம் தரும் ரகசியக் குறியீடு) வாங்குங்கள், நாலு வரி நிரல் எழுதுங்கள், பதிவுகள் வந்து கொட்டும் என்கின்றன. முதல் நாள் கொட்டத்தான் செய்யும். பிரச்சினை அதன் பிறகு ஆரம்பிக்கிறது. எந்த ஏபிஐ (ஒரு தளத்தின் தரவை நம் நிரல் கேட்டு வாங்கும் வழி) நமக்குப் பொருந்தும் என்பதை நிரல் எழுத உட்காரும் முன்பே தாளில் கணக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டும். இதை இளம் நிரலாளர்களுக்கு அழுத்திச் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில், யாருடைய தரவு வேண்டும்? நம் சொந்தப் பக்கத்தின் தரவா, அனுமதி கொடுத்த பயனரின் தரவா, யார் எவர் என்றில்லாமல் எல்லோருடைய பொதுப் பதிவுகளுமா? முதல் இரண்டுக்கும் பெரும்பாலான தளங்களில் ஏதோ ஒரு வழி உண்டு. மூன்றாவதுதான் கடினம், செலவும் அதற்குத்தான். ஆனால் அனுமதி கொடுத்தவரின் தரவுகூட எப்போதும் கிடைத்துவிடாது; இன்ஸ்டாகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். தனிநபர் கணக்குகளைப் படிக்க இருந்த பேசிக் டிஸ்ப்ளே ஏபிஐ 2024 டிசம்பர் 4 அன்று மூடப்பட்டது. இப்போது பிசினஸ் அல்லது கிரியேட்டர் கணக்குகளுக்கு மட்டுமே வழி. ஹேஷ்டேக் தேடலிலும் ஒரு கணக்குக்கு 7 நாட்களில் 30 வெவ்வேறு ஹேஷ்டேக்குகள்தான். 'நண்பர்களின் இன்ஸ்டா படங்களைத் தொகுக்கும் செயலி' என்ற யோசனை இங்கேயே முடிந்துவிடுகிறது. ஆவணத்தைப் பத்து நிமிடம் படித்தால் தெரிந்துவிடும் இந்த விஷயம், பலருக்கு முகப்புத் திரையெல்லாம் வடிவமைத்த பிறகுதான் தெரிய வருகிறது.

அடுத்தது அளவு. ஒவ்வொரு தளமும் வேறு வேறு அலகில் அளக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எக்ஸ் தளம் (பழைய ட்விட்டர்) கட்டணத்துக்கு முக்கியமாக எண்ணுவது நாம் எத்தனை முறை கேட்டோம் என்பதை அல்ல, எத்தனை பதிவுகள் நமக்கு வந்தன என்பதையே. 2023-இல் அது அறிவித்த அடிப்படைத் திட்டம் மாதம் 100 டாலருக்கு 10,000 பதிவுகள், அதாவது நாளுக்குச் சுமார் 333. பிரபலமான ஒரு சொல்லைத் தேடினால் அந்த ஒரு நாள் அளவு சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதற்கு மேல் இருந்த திட்டம் நேராக 5,000 டாலர். நடுவில் எதுவும் இல்லை. பிறகு அந்த 100 டாலரும் 200 ஆனது. ரெடிட் கணக்கு வேறு: அங்கே எண்ணப்படுவது அழைப்பு, அதாவது நம் நிரல் எத்தனை முறை கேட்டது என்பது. 2023 ஜூலை முதல் ஆயிரம் அழைப்புக்கு 0.24 டாலர் என்றார்கள். பார்க்க அற்பத் தொகைதான். ஆனால் மாதம் 700 கோடி அழைப்பு செய்துகொண்டிருந்த, ரெடிட்டைப் படிக்க உதவிய அப்பல்லோ செயலிக்கு அது மாதம் சுமார் 17 லட்சம் டாலராக ஆனது. அந்தச் செயலி ஜூன் 30-ஆம் தேதியே மூடப்பட்டது.

யூடியூபில் இந்தக் கணக்கு இன்னும் சுவையானது. அங்கே இயல்பான கோட்டா நாளுக்கு 10,000 அலகு. ஒரு தேடல் அழைப்புக்கு 100 அலகு போகும், அதாவது நாளுக்கு மொத்தம் 100 தேடல். 40 சேனல்களில் புது வீடியோ வந்திருக்கிறதா என்று 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 96 முறை, 40 சேனல், தேடலுக்கு 100: மொத்தம் 3,84,000 அலகு. வாய்ப்பே இல்லை. அதே வேலையைத் தேடல் இல்லாமல் செய்யலாம். ஒவ்வொரு சேனலுக்கும் அதன் எல்லா வீடியோக்களும் சேரும் 'அப்லோட்ஸ்' என்ற பிளேலிஸ்ட் உண்டு. அதன் அடையாள எண்ணைச் சேனல் விவரத்திலிருந்து ஒரே ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு பிளேலிஸ்ட் உருப்படிகளை மட்டும் கேட்டால் அழைப்புக்கு 1 அலகுதான். இப்போது 3,840. புது வீடியோக்களின் விவரத்தையும் ஒவ்வொன்றாகக் கேட்கக் கூடாது. ஒரே அழைப்பில் 50 வீடியோக்களின் அடையாள எண்கள் வரை அனுப்பலாம், அதுவும் 1 அலகே. இதையும் குறைக்க வேண்டுமானால், வெப்சப் முறையில் சேனலுக்குச் சந்தா செய்து வைத்தால் புது வீடியோ வந்ததும் யூடியூபே நம் சர்வருக்குத் தகவல் அனுப்பும், கோட்டாவில் கைவைக்காது. அந்தச் சந்தாவுக்குக் காலக்கெடு உண்டு. புதுப்பிக்க மறந்தால் பிழைச்செய்தி எதுவும் வராது, தகவல் வருவது மட்டும் நின்றுவிடும். ஆகவே தானாகப் புதுப்பிக்கும் வேலையை முதல் நாளே எழுதிவிட வேண்டும்.

இப்படித் தளமே நம் சர்வருக்குத் தகவல் அனுப்பும் முறையான வெப்ஹுக் பற்றியும் ஒரு வார்த்தை. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் இரண்டையும் நடத்தும் மெட்டா அனுப்பும் தகவலோடு, அது உண்மையில் அங்கிருந்துதான் வந்தது என்று காட்டும் கையொப்பம் வரும்; அதைச் சரிபார்க்கும்போது, வந்த பைட்டுகளை அப்படியே வைத்துக் கணக்கிட வேண்டும். தகவல் வரும் ஜேசன் வடிவத்தைப் பிரித்து மறுபடி கோத்துக் கணக்கிட்டால் பொருந்தாது. அங்கிருந்து தமிழ் எழுத்துகள் யூனிகோட் குறியெண்களாக மாற்றப்பட்டு வருவதால், ஆங்கிலப் பதிவில் சரியாக இருந்த சோதனை தமிழ்ப் பதிவில் தோற்கும். காரணம் புரியாமல் சரிபார்ப்பையே நீக்கிவிடுவது பெரிய ஆபத்து. யார் வேண்டுமானாலும் போலித் தகவல் அனுப்பலாம் என்றாகிவிடும்.

எடுத்த தரவை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதை ஏறக்குறைய யாரும் கேட்பதில்லை. யூடியூப் தரவை 30 நாளுக்குள் புதுப்பிக்க வேண்டும் அல்லது அழிக்க வேண்டும். எக்ஸிலும் ரெடிட்டிலும் பயனர் நீக்கிய பதிவு நம் டேட்டாபேஸிலிருந்தும் போக வேண்டும். எனவே ஒவ்வொரு வரியிலும் தளத்தின் பதிவு எண்ணும், எடுத்த நேரமும் இருக்கட்டும். இந்த இரண்டும் இல்லாத டேட்டாபேஸில் எதை அழிப்பது என்றே பிறகு தெரியாது. ஒருவர் தன் பதிவை நீக்கினால் அது நீங்க வேண்டும் என்பது வெறும் விதிமுறை விவகாரம் அல்ல, அவருடைய உரிமை. செயலியின் அமைப்பே அதை மதிக்க வேண்டும்.

'என் கணக்கில் வேலை செய்கிறது, மற்றவர்களுக்கு இல்லை' என்ற புலம்பலுக்கு மெட்டாவில் பெரும்பாலும் ஒரே காரணம்தான். செயலி டெவலப்மென்ட் (உருவாக்க) நிலையில் இருக்கும்வரை அதில் பொறுப்பு தரப்பட்டவர்களின் கணக்குகள் மட்டுமே இயங்கும். மற்றவர்களுக்குத் திறக்க ஆப் ரிவ்யூ, அதாவது மெட்டாவின் பரிசீலனை தேவை. எந்த அனுமதி எதற்கு என்று திரைப்பதிவோடு விளக்க வேண்டும், அதற்கு ஆகும் காலத்தையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். பயனர் தந்த அனுமதிக்கு அடையாளமாக மெட்டா தரும் நீண்டகால டோக்கன் என்பதும் 60 நாள்தான். புதுப்பிக்காவிட்டால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த செயலி மூன்றாம் மாதத் தொடக்கத்தில் படுத்துவிடும்.

திறந்த தளங்களைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. எக்ஸ் போன்ற சமூக ஊடகமான புளூஸ்கையின் ஜெட்ஸ்ட்ரீம் என்ற சேவை வழியே பொதுப் பதிவுகளின் ஓட்டத்தைச் சாவிகூட இல்லாமல் நேரலையாக வாங்கலாம். அதே வகைத் தளமான மாஸ்டடானில் இயல்பு வரம்பு 5 நிமிடத்துக்கு 300 அழைப்பு. கற்றுக்கொள்ளவும் முதல் மாதிரி செய்து பார்க்கவும் இவையே சிறந்தவை. உங்கள் பயனர்கள் அங்கே இல்லை என்றால் அது வேறு பிரச்சினை. டெலிகிராமில் பாட் (தானாக இயங்கும் கணக்கு) நடத்த உதவும் ஏபிஐ இலவசம்தான். ஆனால் பாட் சேருவதற்கு முந்தைய உரையாடலை அதனால் எடுக்க முடியாது, நாம் வாங்காத தகவலையும் 24 மணி நேரத்துக்கு மேல் அது வைத்திருக்காது.

ஏபிஐ வேண்டாம், இணையப் பக்கத்திலிருந்தே நிரல் மூலம் தரவைச் சுரண்டி எடுக்கலாம் என்று சொல்பவர்கள், லிங்க்ட்இன் பக்கங்களை அப்படிச் சுரண்டிய ஹைக்யூ நிறுவனத்துக்கும் லிங்க்ட்இனுக்கும் நடந்த வழக்கை மேற்கோள் காட்டுவார்கள். பொதுப் பக்கங்களைச் சுரண்டுவது அமெரிக்காவின் கணினி ஊடுருவல் சட்டத்தை மீறியதாகத் தெரியவில்லை என்று 2022 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது உண்மை. அதே ஆண்டு நவம்பரில், ஹைக்யூ பயனர் ஒப்பந்தத்தை மீறியது என்று கீழ் நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதோடு, பக்க வடிவம் மாறினால் அன்றே செயலி நின்றுவிடும்.

நிரலில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. எக்ஸ் பதிவு எண் இப்போது 19 இலக்கம். ஜாவாஸ்கிரிப்ட் எண்ணாக அதைப் படித்தால் கடைசி இலக்கங்கள் மாறி, இல்லாத பதிவைத் தேடிக்கொண்டிருப்போம். எண்ணை எப்போதும் எழுத்துச் சரமாகவே வைத்திருக்க வேண்டும். இன்னொன்று, 'கொ' போன்ற எழுத்தின் கொம்பும் காலும் ஒரே குறியெண்ணாகவும் வரலாம், இரண்டாகப் பிரிந்தும் வரலாம். சேமிக்கும் முன் என்எஃப்சி என்ற யூனிகோட் முறையில் ஒரே வடிவமாக ஒழுங்குபடுத்தாவிட்டால், கண்ணெதிரே இருக்கும் சொல் தேடலில் கிடைக்காது.

தங்கள் தொழில்நுட்பப் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இனி எந்த ஏபிஐயை அறிமுகப்படுத்தினாலும், அது எந்த அலகில் அளக்கிறது, இலவச வரம்பு எவ்வளவு, தரவை எத்தனை நாள் வைத்திருக்கலாம், இவ்விவரங்கள் எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டன என்ற நான்கையும் கட்டுரையின் கீழே ஒரு சிறு பெட்டியில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் துறை வாசகர்