இன்ஸ்பெக்ஷன் நாளுக்கு மட்டும் வரும் பேராசிரியர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை வந்த உயர்கல்விக் கட்டுரையில், ‘அனுமதி விதிகளின் சுமையைக் குறைத்தால்தான் டெல்டாவில் தனியார் கல்லூரிகள் வளரும்’ என்று ஒரு வரி. நெடுங்கால வாசகன் என்ற உரிமையில் கேட்கிறேன். இதை எழுதியவர் இன்ஸ்பெக்ஷன் நடக்கும் கல்லூரிக்குள் ஒரு தடவையாவது போய்ப் பார்த்திருக்கிறாரா?

நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட்டாக இருந்தவன். 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் விதி. இன்ஸ்பெக்ஷன் குழு வரும் அன்று அத்தனை பேரும் இருப்பார்கள். அதில் பாதி முகங்களை நாங்கள் அதற்கு முன் பார்த்ததே கிடையாது. காலையில் காரில் வந்து இறங்கி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, சாயங்காலம் கிளம்பிவிடுவார்கள். லேப் கருவிகளும் லைப்ரரி புத்தகங்களும் அதே டிரஸ்ட்டின் இன்னொரு கல்லூரியிலிருந்து வேனில் வரும், மறுநாள் திரும்பிப் போகும். வருஷம் முழுக்கப் பாடம் நடத்தியவர்களோ அசல் சான்றிதழ்களை ஆபீஸில் ஒப்படைத்துவிட்டு, வேறு வேலைக்கும் போக முடியாமல், சம்பளம் எப்போது வரும் என்று காத்துக் கிடந்தார்கள். அதில் ஒரு அம்மா தன் கல்யாணத்துக்குக்கூட அட்வான்ஸ் கேட்டு அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இது ஒரு கல்லூரியின் கதை இல்லை என்பது உங்களுக்கே தெரியும். 2024ல் ஊழலை எதிர்க்கும் அமைப்பான அறப்போர் இயக்கம் பட்டியலோடு அம்பலப்படுத்தியதே, அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகள் 200க்கும் மேல் அதில் சிக்கின. ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் வேலை பார்த்ததாகக் கணக்கு. 2025 பிப்ரவரியில் உயர்ந்த கிரேடு கொடுக்க லஞ்சம் வாங்கியதாக, கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் தர கிரேடு போடும் நாக் அமைப்பின் ஆய்வுக் குழுத் தலைவரையே சிபிஐ கைது செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் தனியார் பல்கலைக்கழகத்துக்கு 100 ஏக்கர் வேண்டும் என்ற நிபந்தனையை மாநகராட்சிப் பகுதியில் 25 ஏக்கராகக் குறைக்கத் தமிழக அரசின் மசோதா வந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் மறு ஆய்வு என்றார்கள். இதில் சுமை யார் தலையில் இருக்கிறது?

வேறு ஊர்க்காரர்கள் விதி அதிகம் என்று சொல்லட்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் கீற்றுக் கூரைக்குக் கீழே 94 குழந்தைகளைப் பறிகொடுத்த நாம் சொல்லலாமா? அங்கேயும் விதி இருந்தது. பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை.

அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே ஓட்டுகிறார்கள். அதனால்தான் எங்கள் ஜனம் குறுவைப் பணத்தோடு, சொசைட்டியில் நகையையும் அடகு வைத்துத் தனியாரிடம் போகிறது. அதைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தால் உங்களுக்கு நன்றி சொல்லியிருப்பேன்.

சரி, உங்களால் முடிந்த ஒன்றைக் கேட்கிறேன். மே மாதம் வந்தால் உங்கள் பத்திரிகையில் முழுப்பக்கக் கல்லூரி விளம்பரங்கள் வரும். ஆசிரியர் விவரம், கட்டணம் எல்லாவற்றையும் ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று ஏஐசிடிஇ விதி இருக்கிறது. அந்தப் பக்கத்தின் முகவரியையும், நாக் கிரேடு எந்த ஆண்டு வரை செல்லும் என்பதையும் விளம்பரத்திலேயே, படிக்கிற அளவு எழுத்தில் போடச் சொல்லுங்கள். போட மறுப்பவர்களின் விளம்பரத்தை வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.