முதலில் எங்கள் மைதானத்துக்கு வந்து பாருங்கள்: ஒரு கல்லூரி நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர், விளையாட்டுத் துறை இயக்குநர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பெங்களூர் அல்சூரில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுக்கும் நான், உங்கள் அணித் தேர்வு பற்றிய ஒரு கோரிக்கையை ஆங்கிலத்தில் எழுதி இரண்டு முறை உங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுத்திருக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்திய நகல்கள் இரண்டும் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கின்றன, பதில்தான் வரவில்லை. நிர்வாகக் குழுவில் பாதிப் பேருக்கு மேல் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால், நம் மொழியிலேயே, நாலு பேர் அறிய ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம் என்று துணிந்தேன். பொறுத்தருள வேண்டும்.

சென்ற மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, பி.யு.சி. முதலாண்டு (பதினோராம் வகுப்பு) பெண்கள் கூடைப்பந்து அணிக்காக உங்கள் கல்லூரியில் நடந்த செலக்‌ஷன் பற்றி உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அறிவிப்பு எப்போது வெளியானது, அதற்கு முன்பே எத்தனை இடங்கள் நிரம்பியிருந்தன, உள்ளூர்ப் பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் மதியத்துக்குள் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். அது 31 என்ற எண்ணை முதுகில் குத்திக்கொண்டு ஆடிய பெண்ணின் ஷூவைப் பற்றியது.

அந்த அறிவிப்பு, சுற்றிச் சுற்றி, சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு ஒரு பெற்றோரின் வாட்ஸ்அப் வழியாக என்னிடம் வந்து சேர்ந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு வர வேண்டும், நான்-மார்க்கிங் ஷூ இல்லாதவர்களுக்கு அனுமதி கிடையாது என்று அதில் இருந்தது. புதிதாகப் போட்ட மரத்தளத்தில் கறுப்புக் கோடு விழக் கூடாது என்ற உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் அல்சூரில் நாங்கள் ஆடுவது சிமென்ட் தரையில். அதில் அந்த வகை ஷூவின் மென்மையான அடிப்பாகம் அழிரப்பரைப் போல இரண்டே மாதத்தில் தேய்ந்துவிடும் என்பதால் எங்கள் பிள்ளைகள் யாரும் அதை வாங்குவதில்லை. அந்தப் பெண்ணின் தாயார் சோமேஸ்வரர் கோயில் பக்கம் பூக்கட்டி விற்கிறவர். வாங்கலாம் என்று நினைத்தாலும் ராத்திரியோடு ராத்திரியாக முடிகிற காரியம் அல்ல. மூன்று வீடுகளில் கேட்டு, கடைசியில் எங்களிடம் முன்பு ஆடி இப்போது இன்ஜினீயரிங் படிக்கும் ஒரு பெண்ணிடமிருந்து ஒரு ஜோடியை இரவல் வாங்கினோம். அது எட்டாம் நம்பர். இவளுக்குக் கால் ஆறாம் நம்பர். முன்பக்கம் பழைய சாக்ஸ் இரண்டைத் திணித்து, லேஸைக் கணுக்காலைச் சுற்றி இரண்டு சுற்று கட்டிக்கொண்டு, ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் உங்கள் வாசலில் நின்றாள்.

அவளைக் களத்துக்கு அழைத்தது பதினொன்றே முக்காலுக்கு. ஆட விட்டது நான்கு நிமிடம். இரண்டாவது லே-அப்புக்கு (வளையத்தின் அருகே ஓடி வந்து எம்பிப் பந்தைப் போடுவது) ஓடி வந்து இடது காலை ஊன்றியபோது ஷூ நின்றுவிட்டது, உள்ளே கால் நிற்கவில்லை. விழுந்தாள், எழுந்தாள், ஓடினாள். வெளியே வரும்போது மேசையில் விரித்துக் கிடந்த தாளில் 31-க்கு எதிரே ஃபுட்வொர்க் வீக் என்று எழுதியிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்து வருகிறேன். கால் வைப்பதில் இவளைவிடச் சுத்தமான பெண்ணை எங்கள் மைதானத்தில் நான் பார்த்ததில்லை. அந்தத் தாளில் மதிப்பிடப்பட்டது இன்னொருத்தியின் ஷூ.

நான்கு நிமிடம் போதும் என்று உங்கள் கோச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவருக்குத் தெரியாத கணக்கல்ல, இருந்தாலும் சொல்கிறேன். ஓர் அணி ஒரு முறை பந்தை வைத்திருக்க அதிகபட்சம் 24 நொடி. நான்கு நிமிடம் என்றால் 240 நொடி, அதாவது ஒவ்வொரு முறையும் முழு நேரமும் எடுத்தால் பத்து வாய்ப்பு. அதில் பாதி எதிரணிக்குப் போய்விடும். மிச்சமுள்ள ஐந்தைக் களத்தில் நிற்கும் ஐந்து பேர் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்று. ஒரு குவார்ட்டரில் (ஆட்டத்தின் கால் பகுதி, பத்து நிமிடம்) பாதிகூட ஆகாத நேரத்தில், ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராத ஐந்து பேரை ஓர் அணியாக நிற்க வைத்தால் யார் யாருக்குப் பாஸ் கொடுப்பார்கள்? கையில் பந்து கிடைத்தவர் தானே போடத்தான் பார்ப்பார். ரீபவுண்டுக்கு, அதாவது தவறித் திரும்பும் பந்துக்கு, இடம் பிடிப்பவளும், எதிராளியின் வழியை மறித்து நின்று ஸ்க்ரீன் வைத்துத் தோழியை விடுவிப்பவளும், தோற்கும்போது குரல் கொடுப்பவளும் அந்தத் தாளில் எந்தக் கட்டத்தில் வருவார்கள்?

இவற்றைப் பார்க்க வேண்டுமானால் அவர்கள் ஆடும் இடத்துக்கு வர வேண்டும். என் கோரிக்கை இவ்வளவுதான்: தேர்வு நடத்துவதற்கு முன்பு, உங்கள் கோச்சை ஒரு முறையாவது எங்கள் மைதானத்துக்கு அனுப்பிப் பாருங்கள். தாலுகா, மாவட்டம் என்று பள்ளிப் போட்டிகளும் நடக்கின்றன, அங்கும் பார்க்கலாம். டிக்கெட் கிடையாது. எங்கள் மைதானத்தில் வளையத்துக்குப் பின்னாலிருக்கும் போர்டு இரும்புத் தகடு, பந்து பட்டால் சுவரில் பட்டதைப் போலத் தெறிக்கும். அதனால் எங்கள் பெண்கள் பந்தை விரல் நுனியால் பூப்போல வைக்கப் பழகியிருக்கிறார்கள். வளையங்களில் ஒன்று சற்றே முன்னால் சாய்ந்திருப்பதால் அந்தப் பக்கம் ஆடும்போது கணக்கை மாற்றிக்கொள்கிறார்கள். கண்ணாடி போர்டும் மரத்தளமும் கொடுத்தால் ஒரே மாதத்தில் இவர்கள் என்ன ஆவார்கள் என்பதை ஊகிக்கப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். அது உங்கள் கோச்சிடம் இருக்கிறது என்றே நம்புகிறேன்.

வெளி மாநிலங்களிலிருந்து நீங்கள் அழைத்துவரும் பிள்ளைகள் மீது எனக்குத் துளியும் வருத்தமில்லை. அவர்களும் ஏதோ ஒரு சிமென்ட் தரையிலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு விடுதி, மெஸ், ஊருக்குப் போய்வர ரயில் கட்டணம் எல்லாம் கொடுக்கும் நிர்வாகம், பி.யு.சி.யும் டிகிரியுமாக ஐந்து ஆண்டு ஆடக்கூடிய, இரவு தன் வீட்டிலேயே சாப்பிட்டுத் தன் வீட்டிலேயே தூங்கக்கூடிய ஒரு பெண்ணுக்காக ஆட்டோவில் இருபது நிமிடம் வர மறுப்பது ஏன் என்றுதான் விளங்கவில்லை. சென்ற ஆண்டு கோப்பை வாங்கியபோது ‘நம்ம ஊர், நம்ம டீம்’ என்று உங்கள் வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தீர்கள். அணியின் பன்னிரண்டு பேர் படத்தையும் நின்று பார்த்தேன். இந்த ஊர்க்காரர் என்று அதில் எனக்குத் தெரிந்த ஒரே முகம், மூலையில் கும்பிட்டபடி நின்ற வார்டு பிரமுகருடையது.

2017-இல் மகளிர் ஆசியக் கோப்பை இதே பெங்களூரில் நடந்தபோது, இரண்டாம் பிரிவு இறுதியாட்டத்தில் நம் பெண்கள் கஜகஸ்தானை 75-73 என்று வென்றதை இந்த நகரமே பேசியது. இனி உள்ளூர்ப் பெண்களுக்குக் கதவு திறந்துவிடும் என்று நாங்களும் அப்போது நம்பினோம். அதற்குப் பிறகு எங்கள் மைதானத்தில் பாதி கார் நிறுத்துமிடமாகிவிட்டது. பண்டிகை வந்தால் மீதிப் பாதியில் பந்தல். அல்சூர் ஏரிக்கரையில் 1991-இல் வைத்த வள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்து 2009-இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே பொறுமையை எங்கள் பகுதிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் வள்ளுவருக்கு வயதாகாது, பி.யு.சி. சேர வேண்டிய பெண்ணுக்கு ஆகும்.

கார் நிறுத்துவதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பல்ல என்பது தெரியும். எழுத எழுத எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

உங்களிடம் பணிவோடு கேட்பது இதுதான். அடுத்த ஆண்டிலிருந்து தேர்வு அறிவிப்பைப் பதினைந்து நாள் முன்னதாகச் சுற்றியுள்ள உயர்நிலைப் பள்ளிகளின் பி.டி. மாஸ்டர்களுக்குக் கடிதமாக அனுப்புங்கள். ஷூ கட்டாயம் என்றால், நான்கைந்து அளவுகளில் சில ஜோடிகளைக் கல்லூரியே வாங்கி வைக்கட்டும். மரத்தளத்துக்குச் செலவழித்ததோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே அல்ல. எல்லாவற்றுக்கும் முன்பாக, வந்து பாருங்கள்.

இந்த ஆண்டுச் சேர்க்கை இன்னும் முடியவில்லை என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு எங்கள் பெண்கள் இரண்டு அணியாகப் பிரிந்து முழு ஆட்டம், நான்கு குவார்ட்டர், ஆடுகிறார்கள். 31-ஆம் எண்காரி தன்னுடைய பழைய கேன்வாஸ் ஷூவில் ஆடுவாள். உங்கள் கோச் ஒரு மணி நேரம் ஒதுக்கி வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு நிழலில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்
மைதானத்துப் பயிற்றுநர்,
அல்சூர், பெங்களூர்.