உறங்க வந்த டால்ஃபின்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த தீவுச் சுற்றுலாக் கட்டுரையை ஆசையோடு படித்தேன். பவளப்பாறைகளைப் பற்றிய பகுதி அருமை. ஆனால், காலையில் படகில் போய் டால்ஃபின்களோடு நீந்துவதைத் தவறவிடக் கூடாது என்ற வரி மனதை உறுத்துகிறது. நானும் ஒரு தீவில் அப்படிப் போனவள்தான்.

வெப்பமண்டலத் தீவுகளின் கரையோரம் இப்படிக் காலையில் காட்டப்படுபவை பெரும்பாலும் ஸ்பின்னர் டால்ஃபின்கள். நீருக்கு மேலே துள்ளிப் பம்பரமாகச் சுழல்வதால் அந்தப் பெயர். இவை இரவில் இரை தேடுபவை. இருட்டியதும் ஆழத்திலிருந்து மேலேறி வரும் சிறு மீன், கணவாய், இறால்களை வேட்டையாடிவிட்டு, விடிந்த பிறகு அலையடங்கிய ஆழமற்ற விரிகுடாக்களுக்கு ஓய்வெடுக்க வருகின்றன. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும் என்பதால், மூளையின் ஒரு பாதி உறங்க மறுபாதி விழித்திருக்கும். நெருங்கிக் கூடி, மெல்ல நீந்தி, ஒன்றாக மேலெழுந்து ஒன்றாக அமிழ்ந்தால் அது அவற்றின் உறக்கம். படகிலிருந்து பார்க்கிற நமக்கோ, எவ்வளவு சாதுவாக நம்மோடு வருகின்றன என்று தோன்றும்.

நான் போன அன்று ஒரே கூட்டத்தைச் சுற்றி ஐந்து படகுகள். டால்ஃபின்கள் போகும் திசையைக் கணித்து, முன்னால் விரைந்து மறித்து, படகுக்காரர்கள் ஆட்களைத் தண்ணீரில் இறக்கினார்கள். கூட்டம் திரும்பியது, படகுகளும் திரும்பின. தாயின் விலாவோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. ஒன்று துள்ளியதும் எல்லோரும் கைதட்டினோம். அவை உறங்க வந்த இடம் அது என்று ஊர் திரும்பிப் படித்தபோதுதான் தெரிந்தது. இன்றும் அந்தக் கைதட்டல் நினைவுக்கு வந்தால் வேதனையாக இருக்கிறது.

ஹவாயில் 2021-இல் இதற்கென்றே விதி வந்தது. கரையிலிருந்து இரண்டு கடல் மைலுக்குள் படகானாலும் நீந்துபவரானாலும் ஸ்பின்னர் டால்ஃபினிடமிருந்து 50 கஜம், அதாவது ஏறத்தாழ 45 மீட்டர், தள்ளியே இருக்க வேண்டும். அவற்றின் வழியில் முன்கூட்டியே போய்க் காத்து நிற்பதும் கூடாது. அங்கே கூன்முதுகுத் திமிங்கிலத்துக்கு இடைவெளி 100 கஜம்.

படகில் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பின்னொரு பயணத்தில் வேறொரு படகுக்காரர் தொலைவிலேயே வேகத்தைக் குறைத்தார். பின்னாலிருந்து துரத்தாமல், பக்கவாட்டில் இணையாக ஓட்டினார். சிறிது நேரத்தில் தானே விலகிவிட்டார். பைனாகுலரில் பார்த்த அந்தப் பத்து நிமிடமே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆமையைக் கண்டால் அதன் தலைக்கு மேலே மிதக்க வேண்டாம், அது மூச்செடுக்க மேலே வர வழி வேண்டும் என்று இறங்கும் முன்பே சொல்லித் தந்தவரும் அவர்தான். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாதது எனக்கு வருத்தம்.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை வரும்போது, முன்பதிவுக்கு முன் படகுக்காரரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியையும் சேர்த்து அச்சிடுங்கள்: "டால்ஃபின்கள் விலகிப் போனால் பின்னாலேயே போவீர்களா?" தயங்காமல் "மாட்டோம்" என்பவரின் படகில் வாசகர்கள் ஏறட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி