தினமும்தான் விழுங்க வேண்டுமா?

ஆசிரியருக்கு,

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையைத் தினமும் சாப்பிட்டால்தான் பலன் என்றே எங்கள் பகுதி மருந்துக்கடைகளில் இன்னும் சொல்கிறார்கள். ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கு மாற்று வழியை உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. உறவுக்கு 2 முதல் 24 மணி நேரத்துக்கு முன் இரண்டு மாத்திரை. அந்த இரண்டைப் போட்ட நேரத்திலிருந்து 24 மணி நேரத்தில் ஒன்று, 48 மணி நேரத்தில் இன்னொன்று. தொடங்குமுன் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். பெண்களுக்கு இம்முறை ஆகாது; ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்று உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

ஒண்டுக்குடித்தனத்தில், ஆறு பேர் புழங்கும் ஒற்றை அறையில், மாத்திரை டப்பாவைத் தினமும் ஒளித்துவைப்பது லேசான காரியமா? (கேள்வி கேட்க அத்தைமார்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன!) அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை இடங்களான நம்பிக்கை மையங்களின் ஆலோசகர்கள் இம்முறையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

– வாசகர், தண்டையார்பேட்டை, சென்னை