ஞாயிறு உடல் அச்சு எடுப்பு: வருமுன் படித்துவிடுங்கள்

வணக்கம். ஞாயிறு காலை மாடலின் மார்பு, வயிற்றுப் பகுதியை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு எடுக்கிறோம். முன்பக்கம் மட்டும்தான், உடலைச் சுற்றி முழுதாகக் கட்டினால் மூச்சு விடவும் முடியாது, கழற்றவும் முடியாது.

குழைத்த பிளாஸ்டரை நேராக உடலில் கொட்டலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கூடவே கூடாது. பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். கனமாக இருந்தால் 60 டிகிரியைத் தாண்டும், தோல் வெந்துவிடும். அதனால் பிளாஸ்டர் பேண்டேஜ்தான் (பிளாஸ்டர் தூள் ஏற்றிய துணிப்பட்டை, நனைத்து ஒட்டினால் இறுகும்), மூன்று நான்கு அடுக்கு, ஓரங்களில் மட்டும் கூடுதலாக ஒன்று. வெதுவெதுப்பான தண்ணீர் போதும். சூடான தண்ணீரில் நனைத்தால் சீக்கிரம் இறுகும்தான், ஆனால் சூடும் ஏறும்.

முதலில் வாஸலின். முடி உள்ள இடங்களில் தாராளமாகப் பூசுங்கள், இல்லாவிட்டால் கழற்றும்போது மாடல் நம்மைத் திட்டுவார், அதில் நியாயமும் உண்டு. பேண்டேஜ் துண்டுகளை முன்பே வெட்டி வையுங்கள். ஈரக் கையோடு கத்தரிக்கோல் தேடினால் பாதி இறுகிவிடும்.

மாடல் முதுகைச் சாய்த்து உட்காரட்டும். அசையாமல் நின்றால் மயக்கம் வரலாம். ஒருவர் அவரிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எரிகிறது, தலை சுற்றுகிறது என்றால் அந்த நொடியே கழற்றிவிடுவோம், அச்சு போனால் போகட்டும்.

இருபது நிமிடத்தில் இறுகிவிடும். அப்புறம் மாடல் தோளைக் குறுக்கி மூச்சை வெளியே விட்டால் தானாக விலகும்; பிடித்து இழுக்க வேண்டாம்.

புகைப்படம் யாரும் எடுக்கக் கூடாது. கை கழுவ வாளி இருக்கும். பிளாஸ்டர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.